நோயல் பக்கத்து ஹால்

சொந்த வீட்டுக்குள் போக டிக்கெட் எடுத்த ஆள் திருவொற்றியூரில் இக்னேஷியஸ் ஒருவராகத்தான் இருப்பார். முதியோர் சலுகை உண்டா என்று வேறு கேட்டு எடுத்தார்.

அந்தத் தோட்ட பங்களாவை ஒரு வெள்ளைக்கார உப்பு வியாபாரி கட்டினான். அவன் கப்பலேறியதும், ஹார்பரில் மேஸ்திரியாக இருந்த இக்னேஷியஸின் தாத்தா சல்லிசாக வாங்கிப்போட்டார். தோட்டமெல்லாம் லாரி ஷெட்டுகளுக்குப் போய், வீடு மட்டும் இக்னேஷியஸ், நோயல் என்ற அண்ணன் தம்பி கைக்கு வந்தது. விற்றுவிடலாம் என்றான் தம்பி. நான் செத்த பிறகு விற்றுக்கொள் என்றார் அண்ணன். வாய்ச்சண்டை முற்றி, ஹாலின் நட்டநடுவே நாலரை இஞ்சில் ஒரு சுவர் எழும்பியது. இருபத்தாறு வருடம் ஒருவர் முகத்தில் ஒருவர் விழிக்கவில்லை. வாசலும் தனித்தனி. அங்கே நோயல் இருமினால் இங்கே கேட்கும். கேட்டு என்ன பிரயோஜனம்?

பிறகு ஒருநாள் குழாய் பதிக்கத் தோண்டிய பள்ளத்தில், சுட்ட மண் வளையங்களை அடுக்கிக் கட்டிய பழங்காலக் கிணறு ஒன்று அகப்பட்டது. அகழாய்வு ஆட்கள் வந்தார்கள். அரசாங்கம் வீட்டை எடுத்து மியூசியமாக்கியது. அண்ணன் மாத்தூருக்கும் தம்பி மகளோடு புழலுக்கும் போனார்கள். போன வருடம் நோயல் செத்துப்போனான். சேதி தெரிந்து இக்னேஷியஸ் போய்ச் சேர்வதற்குள் பெட்டியை மூடிவிட்டார்கள்.

கோபத்தோடே போனானா, மனசு ஆறிப் போனானா? அந்த ஒரு கேள்விதான் அவரை அரித்துக்கொண்டிருந்தது. நோயலின் மகளிடம் கேட்க முகமில்லை. கல்யாணம் பண்ணாத ஒண்டிக்கட்டைக்கு வேறு யாரிடம் போய்க் கேட்கத் தோன்றும்? தம்பி புழங்கிய பக்கத்தையாவது ஒரு தடவை பார்த்துவிடலாம் என்று எழுபத்திரண்டு வயதில் பஸ் ஏறிவிட்டார்.

அன்றைக்கு வந்திருந்த பார்வையாளர் அவர் ஒருவரே. சுற்றிக் காட்டும் பெண், மகிமா என்று பெயர், ஆள் கிடைத்த சந்தோஷத்தில் கிணற்றைப் பற்றிக் கால் மணி நேரம் பேசினாள். இக்னேஷியஸுக்கு அந்தக் கிணற்றின் மேல் இன்னும் எரிச்சல்தான்.

"ஹாலு எங்கமா கீது?"

சுவர் இருந்த இடத்தில் ஒரு கோடு மட்டும் மிச்சமிருந்தது. பழைய அழகு திரும்பவேண்டும் என்று ஒரு அதிகாரி இடித்துவிட்டார். அதன் பிறகு வந்த வேறொரு அதிகாரி, அங்கே சுவர் இருந்ததே தெரியாமல் விளக்கப் பலகை எழுதினார். அவர்கள் இருவரும்கூடப் பேசிக்கொள்வதில்லை போலும்.

கயிறு கட்டிய இடத்தைக் காட்டி மகிமா சொன்னாள்: "இந்தச் செவப்புத் தரைய பாருங்கய்யா. கோட்டுக்கு இந்தப் பக்கம் ரெண்டு எடம், அந்தப் பக்கம் ரெண்டு எடம், சாயம் போய் வெளுத்திருக்கு. நடுவுல கல்லு வெச்சு ரெண்டு பேர் எதிரெதிரா முட்டி போட்டு மாவு அரைச்சிருப்பாங்களாம்."

இக்னேஷியஸ் பார்த்தார். இந்தப் பக்கத்து இரண்டும் அவர் முட்டிகள். சுவர் வந்ததும் மாதா சுரூபத்தை அதிலேயே பலகை அடித்து வைத்து, தினம் ஏழு மணிக்கு ஜெபமாலை சொன்ன இடம்.

அந்தப் பக்கம்? நோயலின் மாதா வாசல் அறையில் இருந்தது, தெருவுக்கே தெரியும். இங்கே அவனுக்கு இருந்தது வெறும் சுவர்.

"அந்தப் பக்கம் வலது மட்டும் ஏன்மா ஜாஸ்தி தேஞ்சிகீது?"

"தெரியலையே."

அவருக்குத் தெரிந்தது. ஹார்பரில் மூட்டை விழுந்து நோயலுக்கு இடது முட்டி போனது. பாரத்தையெல்லாம் வலதில் போட்டுத்தான் முழந்தாளிடுவான்.

அம்மா காலத்திலிருந்தே அந்த வீட்டில் ஜெபமாலையின் ஒவ்வொரு மணிக்கும் மங்கள வார்த்தை ஜெபத்தின் முதல் பாதியை அண்ணன் சொல்ல, பின் பாதியைத் தம்பி சொல்வான். சுவர் எழும்பியபின் இரண்டு பாதியையும் இக்னேஷியஸே சொன்னார். அவன் இல்லாவிட்டால் ஜெபம் நின்றுவிடுமா என்ற வீம்பு. மூச்சுவிட இடமில்லாமல், சத்தமாக, அவனுக்குக் கேட்கட்டும் என்றே சொன்னார். அவனுக்குக் கேட்டிருக்கிறது.

"ஐயா, என்ன ஆச்சு?" மகிமா பயந்துவிட்டாள். கிழவர் வாய்விட்டு அழுதார்.

"என் தம்பிமா. எனுக்கு எதிர்லயே குந்திகினு இருந்துகிறான். நான் கேப்பே வுடாம சொல்லிகினு போனேன். பாவி, அவன் வாய்க்குள்ளயே பதில் சொல்லிகினு இருந்துகிறான்."

கயிற்றைத் தாண்டக்கூடாது என்று அவள் சொல்வதற்குள் அவர் தாண்டிவிட்டார். கோட்டுக்கு இந்தப் பக்கம் மெல்ல முழந்தாளிட்டார். முதல் பாதியைச் சொன்னார். பிறகு வாயை மூடிக்கொண்டு, பின் பாதிக்கு ஆகும் நேரம் முழுக்கக் காத்திருந்தார்.