போகுமிடம்: தண்ணீர் இல்லை

1

இந்தக் கதைக்குக் காரணம் ஒரு மேசை. எழுதுவதற்கென்றே வெளிநாட்டிலிருந்து வரவழைத்தேன், வந்தபாடில்லை. எரிச்சலில், கப்பல்கள் எங்கெங்கே நிற்கின்றன என்று காட்டும் வரைபடத்தைக் கைப்பேசியில் திறந்து, என் மேசை வரும் கப்பலைத் தேடினேன். அதற்குப் பக்கத்தில் ஒரு பழைய சரக்குக் கப்பல் நங்கூரமிட்டு நின்றது. 'போகுமிடம்' என்ற கட்டத்தில் ஒரு துறைமுகத்தின் பெயர் இருக்க வேண்டும். அதில் ஆங்கிலத்தில் இருந்தது: தண்ணீர் இல்லை 14 பேர்.

நான் என்ன செய்தேன் என்கிறீர்களா? மறுபடி என் மேசையைத் தேடப் போய்விட்டேன். சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது.

2

கதையின் முதல் வரி: "கடல் அன்று நீலமாக" (வேண்டாம். குடிக்கச் சொட்டுத் தண்ணீர் இல்லாதவனிடம் கடலின் நிறத்தைப் பற்றி என்ன பேச்சு?)

"பதினான்கு பேரும் பதினான்கு கனவுகளோடு" (இதுவும் வேண்டாம். கனவு என்று எழுதினால் கப்பல் முதலாளிக்கே கண் கலங்கும். அந்த மனுஷன் துறைமுகத்துக்கு வெளியே கப்பலை நிறுத்திக் கைகழுவி ஆறு மாதமாகிறது.)

ஆகவே அந்தக் கப்பலைக் கரையிலிருந்து பார்த்தவளிடம் தொடங்குகிறேன். மாலுமிகள் சங்க அலுவலகத்தில் எல்லோருக்கும் அவள் ராடார் அக்கா. மாடிப்படிக்குக் கீழே ஒரு அறை, இரண்டு திரைகள், கிறீச்சிடும் மின்விசிறி. ஒரு கப்பல் நாள்கணக்கில் நகராமல் நின்றால், உள்ளே இருப்பவர்களின் கதி என்ன என்று கேட்பது அவள் வேலை.

அந்தக் கட்டத்தைப் பார்த்ததுமே அவளுக்குப் புரிந்துவிட்டது. மாலுமிகளின் கைப்பேசிகளையெல்லாம் முதலாளியின் ஆட்கள் பிடுங்கி வைத்திருக்கிறார்கள். கப்பலின் கருவியில் கையால் தட்டி நிரப்ப முடிகிற அந்த ஒரே கட்டத்தில் யாரோ உலகத்துக்கே கடிதம் போட்டிருக்கிறார்கள். உடனே முதலாளியின் மேலாளரைப் போனில் பிடித்தாள்.

"யாராவது வெளையாட்டுக்கு அடிச்சிருப்பாங்க மேடம். அங்க எல்லாம் நல்லாத்தான் இருக்கு."

"தண்ணி இல்லன்னு யாராவது வெளையாடுவாங்களாங்க?"

"ஆதாரம் இருந்தா அனுப்புங்க."

அனுப்பினாள்.

3

இங்கேதான் எனக்கு அவள்மேல் சந்தேகம். இத்தனை வருஷ அனுபவம் உள்ளவள் இப்படிச் செய்வாளா? திரையை அப்படியே படம் பிடித்து அனுப்பிவிட்டாள். கட்டம் மாற்றப்பட்ட நேரமும் அதில் இருந்தது: பிற்பகல் 2.10.*

அவள் நேரத்தை மறைத்து அனுப்பியதாக இரண்டு முறை திருத்தி எழுதினேன். பொய்யாக இருந்தது. கோபத்தில் இருந்தாள், அவ்வளவுதான்.

(* பெரும்பாலான சரக்குக் கப்பல்களில் பன்னிரண்டிலிருந்து நான்குவரை, இந்தக் கருவி இருக்கும் மேல்தள அறையில் காவல் இரண்டாம் அதிகாரிக்கு. நேரம் தெரிந்தால் ஆள் தெரியும்.)

அரை மணி நேரத்தில் அந்தக் கட்டத்தில் ஒழுங்காக ஒரு துறைமுகத்தின் பெயர் வந்தது. கொஞ்ச நேரத்தில் கப்பலே திரையிலிருந்து காணாமல் போனது. கருவியை அணைத்துவிட்டார்கள்.

"அய்யோ, நானே அந்தாளக் காட்டிக் குடுத்துட்டேனே!" என்று தலையில் அடித்துக்கொண்டாள்.

இரண்டாம் அதிகாரியை ஒரு அறையில் பூட்டி (தெரியாததை எழுத மாட்டேன்.)

4

துறைமுக அலுவலகத்துக்கு ஓடினாள்.

"கப்பல் திரையிலயே இல்லையேம்மா," என்றார் துறைமுக அதிகாரி. "இல்லாத கப்பலுக்குத் தண்ணிப் படகு எப்படி அனுப்புறது?"

"கருவிய அணைச்சா கப்பல் கரைஞ்சு போயிடுமா சார்? ஆறு மாசமா அங்கதான நிக்குது! ஜன்னலத் தொறங்க, தெரியும்."

"எங்களுக்கு முறைன்னு ஒண்ணு இருக்கு. நாளைக்கு வாங்க."

ஜன்னலைத் திறக்கவில்லை. என்ன அக்கிரமம் இது! அந்த ஜன்னலின் திரைச்சீலையை நானே இழுத்துக் கிழித்ததாக ஒரு பத்தி எழுதி, பிறகு கோடு போட்டு அடித்தேன்.

5

முடிவு ஒன்று: படகு போகிறது. பதினான்கு பேரும் வயிறாரத் தண்ணீர் குடிக்கிறார்கள். இரண்டாம் அதிகாரி வீட்டுக்குப் பேசுகிறார். நன்றாகவே வந்தது, கிழித்துவிட்டேன். படித்தவர் நிம்மதியாக எழுந்து போய்விடுவார்.

முடிவு இரண்டு: ஒருவர் சாகிறார். மாட்டேன். ஆள் செத்தால்தான் காதில் ஏறும் என்றால் அந்தக் காதுக்குக் கதை எதற்கு?

துறைமுக அலுவலகம் மூடும் நேரம். அதிகாரி சாவியைக் கையில் எடுத்துவிட்டார். ராடார் அக்கா பெஞ்சை விட்டு எழவில்லை.

"படகு கெளம்பட்டும், நானும் கெளம்புறேன்."

ஒற்றை ஆளென்றால் காவலரைக் கூப்பிட்டு வெளியேற்றிவிடலாம். நானும் போய் அவள் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டேன். அதனால் இதற்குமேல் எழுத முடியாது. அதிகாரி எங்கள் இருவரையும் பார்க்கிறார். பிறகு வாசலைப் பார்க்கிறார், வேறு யாராவது வருகிறார்களா என்று.