ஒற்றைக்கை ரெமி வெளியே வரவில்லை

விருப்பப் பயிற்சி என்று அதற்குப் பெயர் வைத்தவன் மட்டும் என் கையில் கிடைத்தால் நாலு அறை விடுவேன். ஆட்டமே இல்லாத வசந்த மாதங்களில் கால்பந்து அணி தன் மைதானத்தில் நடத்தும் பயிற்சி அது. இஷ்டமிருந்தால் வரலாம், இல்லாவிட்டால் வீட்டில் கிடக்கலாம், சட்டப்படி ஏன் என்று ஒருவரும் கேட்கக் கூடாது. ஆனால் என் தம்பி ரெமி லெஜூன் போகவில்லை என்றதும் நாடே கேட்டது. டிவியில் கோட்டுப் போட்ட நாலு பேர் மேசையைச் சுற்றி உட்கார்ந்துகொண்டு காலையிலிருந்து கேட்டார்கள். புது ஒப்பந்தம் போட்டால்தான் வருவானாம், தலைக்கனமாம், பணத்தாசையாம். அதில் ஒருத்தன் வளர்ப்புச் சரியில்லை என்கிற மாதிரிப் பேசினான். நான் செருப்பைக் கழற்றி அவன் மூஞ்சியில் வீசினேன். டிவி என்னுடையது என்பது அப்புறம்தான் நினைவுக்கு வந்தது.

அந்தத் தலைக்கனம் பிடித்தவன் நகரத்துப் பெரிய வீட்டில் இல்லை. லூசியானாவில், செயின்ட் ஒடீல் ஊரில், பள்ளிக்கூட பஸ் ஓட்டிப் பிழைக்கும் இந்த வெர்னெலின் வீட்டுப் பின்னறையில், திரையை இழுத்துவிட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தான். கட்டில் அவன் நீளத்துக்குப் போதவில்லை. வாசலில், வாய்க்காலுக்கு அந்தப் பக்கம், டிவிக்காரர்களின் வேன் நின்றது. பக்கத்து வீட்டு ஏர்லின் அக்கா ஐஸைச் சீவிப் பாகு ஊற்றி வேன்காரர்களுக்கு விற்க ஆரம்பித்திருந்தாள்.

"வெர்னெல், உன் தம்பிய இன்னும் கொஞ்ச நாள் ரோஷமாவே இருக்கச் சொல்லுடி. நான் புது ஃப்ரிட்ஜ் வாங்கணும்" என்றாள் வேலிக்கு மேலிருந்து.

"அவன் பேர் நாறுது, நீ அதுல ஐஸ் விக்கிற. வெக்கமா இல்லியாக்கா?"

"எனக்கென்னடி வெக்கம்? அந்த மைக் புடிச்ச பொண்ணு ஸ்ட்ராபெரி போட்டு மறுபடி கேட்டுச்சு. நல்ல பொண்ணு."

ஊரில் எல்லோருக்கும் அவன் மேல் கோபம்தான், ஆனால் அது உரிமைக் கோபம். அவன் எண் போட்ட சட்டையை மாட்டிக்கொண்டே அவனைத் திட்டினார்கள். "பணம் வந்து சேரட்டும், நம்ம பள்ளிக்கூட மைதானத்துக்கு விளக்குப் போட்டுத் தரச் சொல்லு" என்று சர்ச் வாசலில் என்னைப் பிடித்துக்கொண்டார்கள். சிரித்துச் சமாளித்தேன். பொய்யைச் சுமந்துகொண்டு சிரித்தால் தாடை வலிக்கும். எனக்கு வலித்தது.

ஏனென்றால் பணம் காரணமே இல்லை. அவன் வலது கையில் மூன்று விரல்கள் மரத்துப்போயிருந்தன.

எனக்கே தற்செயலாகத்தான் தெரிந்தது. குளிர் முடிந்து அவன் வந்திருந்தபோது கொல்லையில் பெரிய பானையில் கிராஃபிஷ் என்கிற ஆற்று இறால் வேகவைத்துக்கொண்டிருந்தேன். ரெமி ஏதோ கதை சொல்லிக்கொண்டே வந்தவன், கொதிக்கிற பானையின் மூடியை வெறுங்கையால் தூக்கினான். தூக்கியவன் கீழே போடவில்லை. கையில் வைத்துக்கொண்டே கதையைத் தொடர்ந்தான். தோல் பொசுங்குகிற வாசனை எனக்கு வந்தது, அவனுக்குச் சூடே உறைக்கவில்லை.

"அடப் பாவி, கைடா!" என்று கத்தி மூடியைத் தட்டிவிட்டேன். அவன் தன் உள்ளங்கையை வேறு யாருடைய கையையோ பார்ப்பது போலப் பார்த்தான். அப்புறம்தான் சொன்னான். கடைசி ஆட்டத்தில் ஒருத்தன் கழுத்தோடு மோதினானாம், தோளிலிருந்து விரல்வரை நெருப்பு ஓடினதாம், ஒன்றுமில்லை என்று எழுந்து ஓடிவிட்டானாம். எங்கள் கால்பந்துக்குப் பேர்தான் கால். வேலை முழுக்கக் கைக்கும் கழுத்துக்கும்தான். பந்தை அக்குளில் இடுக்கிக்கொண்டு, மறிக்க வருகிறவர்களுக்குள் தலையைக் கொடுத்துப் பிளந்து ஓட வேண்டும். அதில் இந்த நாட்டிலேயே கெட்டிக்காரன் என் தம்பி.

யாருக்கும் தெரியாமல் டெக்சாஸில் ஒரு டாக்டரிடம் கூட்டிப்போனேன். அவர் ஸ்கேன் படத்தை விளக்கில் வைத்துக் காட்டினார். கழுத்தெலும்புக்குள் நரம்பு போகிற வழி இவனுக்குப் பிறவியிலேயே குறுகல், இப்போது இன்னும் நசுங்கியிருக்கிறது. "இதே மாதிரி இன்னொரு மோதல் பட்டா எழுந்திருக்க மாட்டார். எழுந்திருக்க மாட்டார்னா, கழுத்துக்குக் கீழ எதுவுமே அசையாதுன்னு அர்த்தம்" என்றார்.

காருக்குள் ஏறியதும் ரெமி கதவைச் சாத்திவிட்டு என் கையைப் பிடித்தான். "அக்கா, அம்மா கல்லறை மேல சத்தியம் பண்ணு. ஒருத்தர்கிட்டயும் வாயத் திறக்க மாட்டேன்னு."

"பைத்தியமாடா உனக்கு?"

"விரல் திரும்பிடும். சும்மா இருந்தா திரும்பிடும். பயிற்சிக்குப் போனா முதல் நாளே கண்டுபிடிச்சிருவாங்க, அதான் போகல. இது இல்லாம எனக்கு என்ன தெரியும் சொல்லு? நீ பண்ணு."

பண்ணித் தொலைத்தேன். அழுதுகொண்டு கேட்கிறவனிடம் வேறென்ன செய்வது? அவனைத் தூக்கி வளர்த்தவள் நான்.

வெளியே போகவாவது விட்டார்களா? அதற்கும் வழியில்லை. எங்கள் ஊருக்கு ஒரு பழக்கம் உண்டு. பள்ளிக்கூட நாளிலிருந்தே ரெமியை எங்கே பார்த்தாலும் கையிலிருப்பதை அவன் மேல் வீசுவார்கள். "ரெமி, புடி!" என்பார்கள். ஆரஞ்சு, சோடா டப்பா, கார் சாவி, ஒரு தடவை கல்யாண வீட்டில் முழுக் கோழி. அவன் திரும்பியே பார்க்காமல் வலது கையை மட்டும் நீட்டிப் பிடிப்பான். ஒற்றைக்கை ரெமி என்று பேரே வந்தது அப்படித்தான். அவனுக்கு வணக்கம் சொல்வது எங்கள் ஊரில் அந்த விதமாகத்தான்.

ஒரு நாள் தொப்பியை இறக்கிவிட்டுக்கொண்டு என்னோடு பெர்சியின் கறிக்கடைக்கு வந்தான். அரிசியும் பன்றிக்கறியும் அடைத்த பூடான் குடலுக்குப் பெர்சியை மிஞ்ச ஆள் இல்லை. எங்களைப் பார்த்ததும் பெர்சி சுடச்சுட ஒரு பொட்டலத்தைக் கல்லாவுக்கு மேலாகப் பறக்கவிட்டான். "ரெமி, புடி!"

ரெமி சட்டென்று உடம்பைத் திருப்பி, இடது கையால் நெஞ்சோடு அணைத்துப் பிடித்தான்.

"என்னய்யா இது, கொழந்தையத் தூக்குற மாதிரி?" என்று பெர்சி சிரித்தான். "ஓ, புது ஒப்பந்தம் வர்ற வரைக்கும் எங்களுக்கும் இடது கைதானா?"

கடையே சிரித்தது. ரெமியும் சிரித்தான். வண்டியில் ஏறியதும் அவன் காதுமடல் வேர்த்திருந்தது. அன்றோடு வாசலைத் தாண்டவில்லை.

பின்னறையும் சமையலறையும்தான் அவன் உலகம் என்றாகிவிட்டது. மேசையில் ஒரு கிண்ணம் சிவப்பு பீன்ஸைக் கொட்டி, கண்ணை மூடிக்கொண்டு வலது கையால் ஒவ்வொன்றாக எடுத்து இன்னொரு கிண்ணத்தில் போட்டுப் பார்ப்பான். தரையில் உருளுகிற சத்தம்தான் கேட்கும். கண்ணைத் திறந்து பார்த்துக்கொண்டே எடுத்தால் எடுத்துவிடுவான். இறுக்கிப் பிடிக்கிற பலம் அவனுக்குத் திரும்பியிருந்தது, எப்போது இறுக்க வேண்டும் என்கிற உணர்வுதான் திரும்பவில்லை. கூட ஆடுகிற பையன்கள் போன் செய்வார்கள், எடுக்க மாட்டான். வீட்டில் எங்கே பார்த்தாலும் பீன்ஸ். நான் கூட்டிக் கூட்டி அலுத்துப்போனேன். எனக்கும் மூச்சு முட்டியது, பொய் சொல்ல மாட்டேன். பஸ்ஸில் பிள்ளைகளைத் திட்டித் தீர்த்தேன், பாவம் அதுகள்.

கிளைவ் வந்தது ஒரு சனிக்கிழமை. ரெமிக்காக அணியோடு பேரம் பேசுகிற ஏஜெண்ட் அவர். அவருக்கும் உண்மை தெரியாது. ரெமி காரணம் சொல்லாமல் இருந்ததை அவரே பணம் என்று புரிந்துகொண்டு, அதையே ஊரெல்லாம் பரப்பியவர். வண்டி நிற்பதற்குள் இறங்கி, வேன்காரர்களுக்குக் கையாட்டி, ஏர்லின் அக்காவிடம் ஏதோ சேதி சொல்லி ஐஸ் வாங்கிக்கொண்டு உள்ளே வந்தார். வாசலில் அதற்குள் ஊர்க்காரர்களின் வண்டி ஹார்ன் சத்தம் கிளம்பிவிட்டது.

"ஜெயிச்சிட்ட ராஜா!" என்று ரெமியைக் கட்டிக்கொண்டார். "மொத்தமா இறங்கி வந்துட்டாங்க. நாம கனவுல கேட்டதுக்கு மேல. திங்கக்கிழமை கையெழுத்து."

ரெமி அவர் கையை விலக்கினான். "நான் ஒண்ணும் கேக்கலியே, கிளைவ்."

"அதான்யா உன் சாமர்த்தியம்! கேட்டிருந்தா பேரம் பேசியிருப்பாங்க. நீ வாயே திறக்காம உக்காந்திருந்தியா, பயந்துட்டாங்க. வெர்னெல் மேடம், உங்க தம்பி மாதிரி நெஞ்சழுத்தக்காரன நான் பாத்ததே இல்ல."

"டாக்டர் பாப்பாங்களா?" என்று கேட்டேன்.

"சும்மா சம்பிரதாயம் மேடம். போன வருஷம் முட்டி வலின்னாருல்ல, முட்டிய வளைச்சுப் பாப்பாங்க. கையக் குலுக்குவாங்க. முடிஞ்சுது."

ரெமி என்னைப் பார்த்தான். அந்தப் பார்வையை நான் என்றைக்கும் மறக்க மாட்டேன். பிடிபட்டவனின் பார்வை இல்லை அது, தப்பித்தவனின் பார்வை. முட்டியைத்தான் பார்ப்பார்கள். கையைக் கண்ணால் பார்த்துக் குலுக்கினால் நன்றாகவே குலுக்குவான். கையெழுத்தும் போடுவான். அப்புறம் தலைக்கவசத்தை மாட்டிக்கொண்டு அந்தக் கழுத்தோடு ஆட்களுக்குள் ஓடுவான். ஒரு நாள் எழுந்திருக்க மாட்டான். அவனுக்கு நான் ஸ்பூனால் ஊட்டிக்கொண்டிருப்பேன்.

"அக்கா, என் பையக் கட்டிடு" என்றான் சிரித்துக்கொண்டே. "இன்னிக்கே கிளம்புறோம்."

வெளியே ஹார்ன் காதைப் பிளந்தது. பெர்சியின் குரல் தனியாகக் கேட்டது, "ஒத்தக்கை! ஒத்தக்கை!" என்று. சத்தியம் என் நெஞ்சில் கல்லாக உட்கார்ந்திருந்தது. அம்மா கல்லறை மேல் பண்ணினது. வாயைத் திறக்க மாட்டேன் என்று சொன்னது.

ஃப்ரிட்ஜைத் திறந்தேன். சோடா டப்பா ஒன்றை எடுத்தேன். ரெமி எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு கிளைவிடம் ஏதோ பேசிக்கொண்டிருந்தான்.

"ரெமி, புடி!"

பழக்கம் பாருங்கள். திரும்பாமலே வலது கை எழுந்தது, அதே வேகம், அதே அழகு. டப்பா சரியாக உள்ளங்கையில் போய் விழுந்தது. விரல்கள் மூடவில்லை. டப்பா தரையில் மோதி வெடித்து, நுரை கிளைவின் காலணிமேல் பொங்கியது.

கிளைவ் சிரித்தார். "சந்தோஷத்துல கை நடுங்குது பாருங்க!"

"ரெமி, புடி!" என்றேன் மறுபடி. எனக்கு அழுகை வந்துவிட்டது, இருந்தாலும் வீசினேன். இந்தத் தடவை அவன் திரும்பிவிட்டான், ஆனால் என் முகத்தைத்தான் பார்த்தான், டப்பாவைப் பார்க்கவில்லை. கை நீண்டது. பட்டு விழுந்தது.

கிளைவ் இப்போது சிரிக்கவில்லை. கையிலிருந்த ஐஸ் உருகி அவர் சட்டைக் கையில் சிவப்பாக வழிந்தது. "ரெமி, என்னய்யா கைக்கு?" என்றார் மெதுவாக.

மூன்றாவதை எடுத்தேன். ரெமி கையைத் தூக்கவே இல்லை.

"சத்தியம் பண்ணியே அக்கா" என்றான்.

"நான் வாயத் திறக்கலியேடா!" என்று கத்தினேன். "ஒரு வார்த்தை சொன்னேனா? நீயே சொல்லு, சொன்னேனா?"

அவன் அப்படியே நுரையில் உட்கார்ந்துவிட்டான். அவ்வளவு பெரிய உடம்பு, குலுங்கிக் குலுங்கி அழுதது. நானும் பக்கத்தில் உட்கார்ந்தேன். என்னைத் தள்ளிவிட்டான். பிறகு அவனே இழுத்து என் தோளில் தலையை வைத்துக்கொண்டான். பாதி அழுகை கோபம், பாதி என்னவென்று எனக்குத் தெரியும். அத்தனை நாள் மூடிவைத்திருந்த மூச்சு அது. கிளைவ் மேசையில் கிடந்த பீன்ஸ் கிண்ணத்தைப் பார்த்தார், போனை எடுத்துக்கொண்டு கொல்லைப் பக்கம் போய்விட்டார்.

ரொம்ப நேரம் கழித்து ரெமி முகத்தைக் கழுவிக்கொண்டு எழுந்தான். "வெளிய நிக்கிறாங்கள்ல" என்றான்.

"போகாதடா இப்போ. நான் போய் விரட்டுறேன்."

"வேணாம். எத்தனை நாளைக்கு?"

வாசல் கதவைத் திறந்துகொண்டு போனான். ஹார்ன்கள் ஒரே சமயத்தில் அலறின. ஏர்லின் அக்கா கரண்டியோடு கைதட்டினாள், மைக் பிடித்த பெண் ஓடிவந்தாள். லாரியின் பின்பக்கம் ஏறி நின்ற பெர்சி, இத்தனை நாள் சேர்த்து வைத்த ஆசையோடு, ஒரு பொட்டலத்தை உயரத் தூக்கி வீசினான். "ரெமி, புடி!"

ரெமி இரண்டு கைகளையும் கால்சட்டைப் பைக்குள் விட்டுக்கொண்டான். பொட்டலம் அவன் நெஞ்சில் பட்டுப் புல்லில் விழுந்தது. ஹார்ன் ஒவ்வொன்றாக அடங்கியது.

"இனிமே கையில குடு, பெர்சி" என்றான் ரெமி.

பெர்சி லாரியிலிருந்து இறங்கி வந்தான். புல்லில் கிடந்ததை விட்டுவிட்டுப் புதுப் பொட்டலம் ஒன்றை எடுத்துவந்து, என் தம்பியின் இடது கையைப் பிடித்து அதில் வைத்தான்.