ஆயா கொட்டகையின் ஏகமனது

"பத்துத் தலை சேர்ந்தா பத்து யோசனை பொறக்கும்னு சொல்றேன், நீ என்னடான்னா..."

"மூணு நாளா சேர்ந்து ஒண்ணுதான் பொறந்திருக்கு. அதுவும் கங்காணி பெத்தது."

ரங்கசாமி சட்டையை மாட்டிக்கொண்டே பேசினான். அவன் மனைவி காளியம்மா ரப்பர்ப் பால் வாளியைக் கழுவிக்கொண்டே பேசினாள். கோபப்படக்கூட இருவருக்கும் தெம்பில்லை. மலாயாவில் மெர்லிமாவ் பக்கத்து ரப்பர்த் தோட்டம் அது. அவர்கள் குடியிருக்கும் லயத்தைச் சுற்றி முள்கம்பி போட்ட நாள்முதல் கேட்டைத் தாண்டி ஒரு பிடி சோறு போகக் கூடாது. காட்டில் ஒளிந்திருக்கும் கம்யூனிஸ்டுகள் கைக்குப் போய்விடுமாம். விடிந்து பாலுக்கு மரம் வெட்டப் போனால் மத்தியானம்வரை வெறும் வயிறு. ஆறு மாதம் சுமக்கிற காளியம்மாவின் தங்கை சுசீலா திங்கட்கிழமை மரத்தடியிலேயே மயங்கி விழுந்தாள். நாளைக் காலை துரை வருகிறார். ஒரே ஒரு கோரிக்கைக்குத்தான் காது கொடுப்பாராம்.

ஒருவர் பேச்சு இன்னொருவர் மூளையைத் தட்டிவிடும் என்பது ரங்கசாமியின் நம்பிக்கை. ஆனால் சபையில் முதல் பேச்சு கங்காணி சின்னத்தம்பிக்கு. அது தோட்டத்து மரியாதை. அரிசிப் பங்கைக் கூட்டிக் கேட்போம் என்றார். அதோடு எல்லாத் தலையும் ஆடிவிட்டது. கூட்டின அரிசியும் கம்பிக்குள்ளேதானே வேகும்?

காளியம்மா தண்ணீர்ப் பைப்படியில் ஒவ்வொருத்தியாகத் தனியே கேட்டுப் பார்த்திருந்தாள். பிள்ளைத்தாச்சிக்குக் கேட்டோரத்து மரங்களைக் கொடுத்தால் நடுவில் வந்து தின்றுபோகலாமே என்றாள் அன்னம்மா. சுசீலா சொன்னது அதைவிட மேல். பால் ஏற்ற வருகிற லோரியில் காவல்காரரே சோற்றுச் சட்டியைக் கொண்டுவரட்டும். அவர் கண்முன்னே தின்றுவிட்டுச் சட்டியைக் கவிழ்த்துக் காட்டுவோம்.

"பைப்படியில பேசுனா அது பொரணி. சபையில சொன்னாத்தான் யோசனை லா," என்றான் ரங்கசாமி.

சபை, பகலில் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் ஆயா கொட்டகையில் கூடியது. ஊரடங்குக்கு இன்னும் அரைமணி. காளியம்மா எழுந்து லோரி விஷயத்தைச் சொன்னாள். கங்காணி முகம் சுளிக்கவில்லை, நல்ல மனுஷர்தான்.

"யாரு தாயி இத யோசிச்சது?"

"சுசீலா."

முப்பது முகங்கள் திரும்பின. சுசீலா முந்தானையை வயிற்றின்மேல் இழுத்துவிட்டுக்கொண்டாள்.

"இல்ல மாமா. நீங்க சொன்னதுதான் எனக்கும்."

அன்னம்மா தொட்டிலில் கிடந்த குழந்தையை ஆட்டத் தொடங்கினாள். ரங்கசாமி நிறைந்த மனதோடு, 'ஏகமனதாக' என்று துரைக்குக் கொடுக்கிற தாளில் எழுதினான்.

காளியம்மா தங்கை பக்கம் குனிந்தாள்.

"நாளைக்கு நீ மரத்தடியில விழுந்தா, இந்த ஏகமனதுல யாருடி வந்து உன்னத் தூக்குறது?"