டேங்குக்குள் இருந்த காற்று

ஸ்டிக்கரில் எழுதியிருப்பதை நம்புகிறவன் பெயின்ட் வேலைக்கு வரவே கூடாது. ஃபாஸில் வந்து பதினெட்டு வருஷமாகிறது. கம்ப்ரசரில் மூன்று குதிரைவலு என்று ஒட்டியிருந்தால் அவனுக்கு அது மூன்று குதிரைவலுதான். அதற்கு மேல் கேட்டு மண்டையை உடைத்துக்கொள்கிற ஆள் அவனில்லை. ஆனாலும் அக்குறணையில் அவனுடைய கராஜில் வாகனங்கள் வரிசையில் நின்றன. அவன் வாயால் "பத்தும்" என்று சொல்லிவிட்டால் மற்றப் பெயின்டர்மாரும் தலையாட்டினார்கள்.

கலகெதரவில் இருந்த, அவனை அண்ணன் முறையில் "நானா" என்று கூப்பிடுகிற கூட்டாளி சஞ்சீவும் அப்படித்தான் தலையாட்டினான். ஒரு வேன் முழுவதற்கும் ஹார்ட்னர் கலந்த பெயின்ட் அடிக்கும் வேலை வந்திருக்கிறது என்று சஞ்சீவ் வந்து நின்றபோது, ஃபாஸில் தன்னுடைய புது ஸ்ப்ரே கன்னைத் தூக்கிக் கொடுத்தான்.

"நம்ம பழைய கம்ப்ரசர் இதுக்குப் பத்துமா நானா?"

"மூணு குதிரைவலுதானே ஈக்குது. தாராளமாப் பத்தும்."

அந்த வேனை அடித்த அன்றே சஞ்சீவ் செத்துப்போனான். அந்தப் பெயின்ட்டின் புகை பொல்லாதது, அவனுக்கோ மூச்சு இழுப்பு வருத்தம். ஒன்றரை மணித்தியாலத்தில் முடிய வேண்டிய வேலைக்கு, காலையில் தொடங்கி நாலு மணி வரைக்கும் கதவை மூடிய கொட்டகைக்குள் முகத்தில் ஒரு துணியைக் கட்டிக்கொண்டு நின்றிருக்கிறான். பேராதனை ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போகிற வழியிலேயே மூச்சு அடங்கிவிட்டது. இழுப்புக்காரன், விதி முடிந்தது என்று ஊர் சொல்லிற்று. முப்பத்தோராம் நாள் காரியத்துக்குப் போயிருந்த ஃபாஸிலும் அதையேதான் சொன்னான்.

அவன் சொல்லாமல் விட்டது ஒன்று இருந்தது. அன்று மத்தியானம் சஞ்சீவ் ஃபோன் பண்ணியிருந்தான். "மோட்டர் நிக்கவே மாட்டேங்குது நானா. கன் துப்புது. ஒரு கதவு அடிச்சா அடுத்ததுக்குக் காத்து ஏறும் வரைக்கும் நின்னுக்கிட்டே இருக்கணும்" என்றான். நடுவில் இருமினான். "ஓடட்டும், பத்தும், பத்தும். கொட்டகைக் கதவ மட்டும் தொறக்க வாணாம், தூசி ஒட்டிரும்" என்று ஃபாஸில் சொன்னான். அந்த ஃபோனில் பின்னால் ஓடிக்கொண்டிருந்த மோட்டர் அவன் காதுக்குள் அதற்குப் பிறகும் நிற்கவில்லை. தொழுகையில் கேட்டது, சோறு தின்னும்போது கேட்டது. அவன் சத்தம் சத்தம் என்று சொல்லப்போய், அவன் மனைவி கைரியா ஃபிரிஜ்ஜைக்கூட இரண்டு தடவை நிறுத்திப் பார்த்துவிட்டாள்.

சஞ்சீவ் செத்து நாலு மாதம் கழித்துக் காருக்குப் பெயின்ட் அடிக்க வந்த ஒரு லெக்சரர் சும்மா இருக்காமல் ஒரு கணக்கைச் சொல்லிவிட்டுப் போனார். கன் குடிப்பது குதிரைவலுவை அல்ல, காற்றை. தேய்ந்த கம்ப்ரசர் ஸ்டிக்கர் சொல்வதில் பாதிகூடத் தராது. உண்மை தெரிய வேண்டுமா, டேங்கை அடியோடு காலி பண்ணு, வெளிவழியை மூடு, மோட்டரைப் போடு, காற்றழுத்த மீட்டரின் முள் நூறைத் தொட எத்தனை நிமிஷம் என்று பார். அவ்வளவுதான். சஞ்சீவின் நூறு லீட்டர் டேங்க் இரண்டரை நிமிஷத்துக்குள் நூறைத் தொட்டால், அந்தக் கன்னுக்குப் பத்தியிருக்கும், ஃபாஸில் சொன்னது சரி. அதைத் தாண்டினால் என்ன என்று நினைக்க அவனுக்குத் தைரியம் வரவில்லை.

ஆகவே, சஞ்சீவின் மனைவி பிரேமிளா தானாகவே ஃபோன் பண்ணி, "காணிக்காரரு கொட்டகைய ஒழிச்சுத் தரச் சொல்றாரு நானா. அந்தக் கம்ப்ரசர் ஒங்களுக்கு ஒதவுமான்னு வந்து பாருங்க" என்றதும் மறுநாள் காலையிலேயே லொறியை எடுத்துக்கொண்டு கலகெதரவுக்குப் போய் நின்றான்.

கொட்டகையில் மற்றச் சாமான்கள் எல்லாம் மூலையில் குவிந்து தூசி பிடித்துக் கிடந்தன. கம்ப்ரசர் மட்டும் துடைத்துச் சுத்தமாக இருந்தது. பக்கத்தில் ஒரு கதிரை போடப்பட்டிருந்தது. அதில் யாரோ தினமும் உட்கார்ந்து எழும்புவது தெரிந்தது. மீட்டரின் முள் நாற்பத்திரண்டில் நின்றது. ஐந்து மாதம் யாரும் ஓட்டாத கம்ப்ரசரில் எப்படிக் காற்று என்று மீட்டர்க் கண்ணாடியைத் தட்டிப் பார்த்தான்.

"டேங்கக் காலி பண்ணித்தான் பாக்கணும் தங்கச்சி. அப்பத்தான் கன்னுக்குச் சரி வருமான்னு தெரியும்" என்று கீழே குனிந்து வால்வைத் தேடினான்.

"அதத் தொடாதீங்க."

அவள் குரல் உயரவில்லை. கதிரையில் உட்கார்ந்துகொண்டு மீட்டரைப் பார்த்தபடி சொன்னாள்.

"அன்னைக்கிக் காலையிலருந்து இந்த மோட்டர் நிக்கவே இல்ல. நாலு மணிக்கு நின்னிச்சு. அப்பாடா, வேல முடிஞ்சிருச்சுன்னு தேத்தண்ணி ஊத்திக்கிட்டு வந்தேன். அவரு கீழ கெடக்கறாரு. கன் கையிலருந்து விழுந்ததாலதான் டேங்க் நெறைஞ்சு மோட்டர் நின்னிருக்கு. அது நெறையறப்ப அவரு இதுக்குப் பக்கத்துலதான் மூச்சு வாங்கிக்கிட்டுக் கெடந்திருக்காரு. அந்த மூச்சையும் சேத்துத்தானே இது இழுத்திருக்கும்? அன்னைக்கி முள்ளு நூத்துல இருந்திச்சு நானா. கொஞ்சங் கொஞ்சமாக் கசிஞ்சு இப்ப நாப்பத்திரெண்டு."

யா அல்லாஹ் என்றது ஃபாஸிலின் மனசு. சோதிக்கத் தேவையில்லை, ஸ்டிக்கரே போதும் என்று சொல்லிவிட்டு அப்படியே லொறியில் ஏற்றியிருக்கலாம். வேண்டாம் என்று திரும்பியிருக்கலாம். மனுஷன் என்றால் அதைத்தான் செய்திருப்பான். ஆனால் அந்தச் சனியன் பிடித்த மோட்டர் காதுக்குள் ஓடிக்கொண்டே இருந்தது. இன்றைக்கு விட்டால் சாகும் வரைக்கும் அது ஓடும் என்று பயந்தான்.

"எனக்குக் கட்டாயம் தெரியணும் தங்கச்சி."

பிரேமிளா அவன் முகத்தை நிமிர்ந்து பார்த்தாள்.

"அப்ப நானே தொறக்கிறேன்" என்றாள்.

தரையில் மண்டியிட்டு வால்வைத் திருகினாள். முதலில் துருத் தண்ணீர் சொட்டிற்று, பிறகு காற்று சீறிக்கொண்டு வந்தது. அவள் விலகவில்லை. முகத்தை அந்தக் காற்றுக்குக் கிட்டக் கொண்டு போய்க் கண்களை மூடிக்கொண்டாள். நெற்றி மயிர் பறந்தது. எண்ணெய் நாற்றத்தோடு அந்தப் பெயின்ட்டின் இனிப்பு வாடையும் வந்தது. ஃபாஸில் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டான். சத்தம் மெலிந்து மெலிந்து நின்ற பிறகும் அவள் அங்கேயே கொஞ்ச நேரம் இருந்தாள். பிறகு வால்வை இறுக்கிவிட்டு, "போடுங்க" என்றாள்.

மோட்டர் ஓடத் தொடங்கியது. ஃபோனில் கேட்ட அதே சத்தம். முள்ளுக்கு நேரே குனிந்து, ஃபோனில் நேரத்தைப் பார்த்தபடி நின்றான். ஒரு நிமிஷத்தில் இருபது. ஏறு, ஏறு என்று உள்ளுக்குள் கெஞ்சினான். இரண்டரை நிமிஷத்தில் முள் நாற்பத்தெட்டில்தான் இருந்தது. ஐந்து நிமிஷம் இருபது செக்கனில்தான் நூறைத் தொட்டது. மோட்டர் டக்கென்று நின்றது.

"பத்துமா நானா?"

"பத்தாது."

"அப்ப அன்னைக்கி மட்டும் எப்படிப் பத்திச்சு?"

அவன் நேரம் பார்த்த ஃபோனைச் சட்டைப் பைக்குள் போட்டான்.

"அவரு கையெல்லாம் பெயின்ட்டுன்னு ஃபோனை ஸ்பீக்கர்ல போட்டுத்தான் பேசுவாரு. நான் கொட்டகைக்குப் பக்கத்துல குசினில சமைச்சுக்கிட்டே கேட்டுக்கிட்டுத்தான் இருந்தேன். அஞ்சு மாசமா, நீங்களா வந்து சொல்லுவீங்கன்னு பாத்தேன். வரல்ல. அதுதான் கூப்பிட்டேன்."

"மன்னிச்சிக்கங்க தங்கச்சி. எனக்குத் தெரியாது. சத்தியமா எனக்குத் தெரியாம ஈந்திச்சு."

"தெரியாமத்தான் சொன்னீங்க. அது எனக்கும் தெரியும்." எழுந்து சேலையைத் தட்டிக்கொண்டாள். "ஆனா தெரிஞ்சிக்கிறதுக்கு எங்கிட்ட மிச்சம் இருந்ததையும் தொறக்க வச்சிட்டீங்களே."

அவன் அழுதான். அவள் அழவில்லை. அவன் கை தன்னால் வால்வுக்குப் போனது. இதையும் காலி பண்ணிவிட்டால் எல்லாம் முடிந்துவிடும் என்று தோன்றியது போல.

"வேணாம்" என்றாள் பிரேமிளா. "இப்ப இதுக்குள்ள இருக்கிறது நீங்க பக்கத்துல நின்னு விட்ட மூச்சு. அது எனக்கு எதுக்கு? நெறைஞ்சபடியே கொண்டு போங்க. ஒங்க ஊட்டுல வச்சுக்கங்க."

கம்ப்ரசர் இப்போது அக்குறணையில், ஃபாஸிலின் கராஜ் மூலையில் இருக்கிறது. எந்தக் கன்னையும் அதில் மாட்டவில்லை. ஏன் கொண்டு வந்தீர்கள் என்று கைரியா கேட்டு அலுத்துவிட்டாள். அவன் காதுக்குள் ஓடிய மோட்டர் நின்றுவிட்டது, அது உண்மை. ஆனால் தினமும் காலையில் கராஜைத் திறந்ததும் முதல் வேலையாக அந்த முள்ளைப் போய்ப் பார்க்கிறான். நேற்று எழுபத்தொன்று. இன்றைக்கு எழுபது. பூஜ்யத்துக்கு வந்த அன்று என்ன நடக்கும் என்று கேட்டால் அவனுக்குச் சொல்லத் தெரியாது, ஆனால் இப்போதெல்லாம் முள் இறங்க இறங்க அவனுக்கு மூச்சு முட்டுகிறது.