ஜாமீன்காரருக்குப் பட்ட பாக்கி

சாச்சாக் ஊரில் குடைமிளகாய் சுடும் புகை எழும்பிவிட்டால் போதும், குவோஸ்தெனுக்கு இருபத்தைந்து வயது திரும்பிவிடும். முழங்கால் மட்டும் அறுபதைத் தாண்டியே நின்றுகொள்ளும்.

அந்த இருபத்தைந்தாவது வயதில் அவன் புது எஞ்சினியர். நாட்டுப் பணமான தினார், வெயிலில் வைத்த வெண்ணெய் மாதிரி உருகிக்கொண்டிருந்த காலம். ஒரு காபியைக் குடித்து முடிப்பதற்குள் அதன் விலை இரண்டு தடவை ஏறும். ஏற்றி எழுதியே பரிசாரகருக்கு மூச்சு வாங்கும். படிக்க வாங்கிய வங்கிக் கடனின் தவணை மட்டும் ஏறாமல் அப்படியே கிடந்தது.

“தள்ளிப் போடுடா!” என்றான் அறைத் தோழன் டிஹோமிர். “இன்னைக்குக் கட்டினா ஒரு ஜோடி சப்பாத்து. மூணு மாசம் கழிச்சுக் கட்டினா ஒரு தீப்பெட்டி. இதுகூடத் தெரியாம என்னத்த எஞ்சினியருக்குப் படிச்சே?”

குவோஸ்தென் தள்ளிப் போட்டான். தவணைப் பணத்துக்கு இத்தாலியச் சப்பாத்தே வாங்கினான். கடைக்காரருக்கு எழுதித் தரும் செக், வங்கிக்கு ஆமை வேகத்தில் போய்ச் சேர்வதற்குள் பணம் இன்னும் உருகட்டும் என்று, மாண்டினீக்ரோ மலையுச்சியில் ஆடுகள் மட்டுமே வாடிக்கையாய் வரும் ஒரு கடை வரை பஸ்ஸேறிப் போய் வாங்கினான். லாபத்தைப் பஸ் கட்டணம் தின்றது. அதனால் என்ன, உலகத்தையே ஏமாற்றிவிட்ட குஷி!

ஒன்றை மறந்துவிட்டான். அந்தக் கடனுக்கு ஜாமீன் கையெழுத்துப் போட்டவர் பஸ் டிரைவர் வுகோமான். மகள் லியுபிங்காவுக்குப் பிடித்த பையனாயிற்றே என்று படிக்காமலே போட்ட கையெழுத்து. தவணை தவறினால் வங்கி அவர் சம்பளத்தில் கை வைக்கும்.

செப்டம்பரில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, பெண் கேட்பதற்காகப் புதுச் சப்பாத்து மினுங்கப் போனான். முற்றத்து அடுப்பில் வுகோமான் மிளகாய் சுட்டுக்கொண்டிருந்தார். நிமிரவில்லை. சப்பாத்தையே பார்த்தார். 

“எஞ்சினியரே, உன் தவணையை என் சம்பளத்துல புடிச்சுட்டானுங்க. இதுல என்னோட கால் எது, இடதா வலதா?”

குவோஸ்தென் பையிலிருந்த நோட்டுகளை அள்ளி நீட்டினான். “அதே தொகை, ஐயா. ஒரு தினார் குறையாம இருக்கு.”

“ஏம்மா, இதுக்கு இன்னைக்கு என்ன வரும்?” பக்கத்தில் நின்ற மகளைக் கேட்டார் வுகோமான்.

“ஒரு கட்டு கீரை வரும்ப்பா. அதுவும் வாடினது.” லியுபிங்கா அவன் பக்கம் திரும்பினாள். “தள்ளிப் போட்டா நானும் மலிவாயிடுவேன்னு நெனைச்சியா?”

குவோஸ்தென் சப்பாத்தைக் கழற்றிப் பெரியவர் முன்னால் வைத்தான். “எடுத்துக்குங்க, ஐயா.”

அவர் காலை நுழைத்துப் பார்த்தார். கட்டை விரலோடு நின்றுவிட்டது. “பொம்மைக்குத் தைச்சதா? இதை வச்சு நான் பிரேக் மிதிச்சா பஸ் ஆத்துலதான் நிக்கும். வாங்கினதை வேலையாத் திருப்பிக் குடு. வேலைக்கு விலை எறங்காது. உக்காரு, சுட்ட மிளகாய்க்குத் தோல் உரி.”

வெறுங்காலோடு உட்கார்ந்தான். மிளகாய்க் குவியல் சூரியனையே மறைத்தது. குவியலில் கலந்திருந்த கார மிளகாயால் விரல் நுனி எரிந்தது. அதே கையால் கண்ணைத் துடைத்துத் தொலைத்ததில் கண்ணும் எரிந்தது. லியுபிங்காவும் பக்கத்தில் உட்கார்ந்து உரித்தாள். இரண்டு மூட்டை தீர்ந்த பிறகு, ஈரத் துணியை அவன் முகத்தில் விட்டெறிந்தாள். அவள் எறிந்ததே போதும் என்றிருந்தது அவனுக்கு.

சாயங்காலம், குளிர்காலத்துக்குச் சேமிக்க அரைத்த மிளகாய் விழுது பெரிய சட்டியில் கொதித்தது. வுகோமான் அகப்பையை அவன் கையில் திணித்தார். அவன் கிண்டினான். தோள் கழன்று விழுந்துவிடும் போலிருந்தது. பெரியவர் எட்டிப் பார்த்தார்.

“நிறுத்தாதே, அடி பிடிக்குது. கிண்டு, மாப்ளே!”

குவோஸ்தெனின் எரிகிற கண்ணில் இன்னும் கொஞ்சம் நீர் வந்தது. புகைதான் என்று இன்றுவரை சாதிக்கிறான்.

வங்கிக் கடன் கடைசியில் ஒரு தீப்பெட்டி விலைக்குத்தான் தீர்ந்தது; டிஹோமிர் சொன்னது பலித்தது. அகப்பை மட்டும் வருஷா வருஷம் அவன் கைக்கே வருகிறது. தொண்ணூறு வயது வுகோமான் நாற்காலியில் சாய்ந்து மேற்பார்வை பார்க்கிறார்.

“மாமா, இன்னுமா பாக்கி தீரலை?”

“அசல் எப்பவோ தீந்துது. இது வட்டி.”

லியுபிங்கா ஜன்னலிலிருந்து தலையை நீட்டுகிறாள். “பேச்சை அப்புறத்துக்குத் தள்ளிப் போடுங்க. அடி பிடிக்குது!”