உண்மையான மடக்கு

ஒப்பந்த வேலை முடிந்து மூன்றாவது வாரம், நான் யூஜிசி செய்யப்போகிறேன் என்று வீட்டில் சொன்னேன். அம்மா ஏதோ மேற்படிப்பு என்று நினைத்துச் சந்தோஷப்பட்டார். அத்தா கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டுக் கேட்டார்.

"உனக்கு எத்தனை ஃபாலோவர்?"

"நூத்தி எண்பது."

"அதுல நம்ம சொந்தக்காரங்க?"

"நூத்தி அறுபது இருக்கும்."

விளக்கி விளக்கி என் வாய் வலித்ததுதான் மிச்சம். யூஜிசி என்றால் யூசர் ஜெனரேட்டட் கன்டென்ட், இதற்கு ஃபாலோவர் தேவையில்லை. யாருக்கும் தெரியாத முகமாக இருப்பதுதான் இந்தத் தொழிலுக்கே தகுதி. கம்பெனி பொருளை அனுப்பும். யாரோ ஒரு சாதாரணப் பெண் கடையில் வாங்கி, பிடித்துப்போய், கைபேசியில் தானாக எடுத்த வீடியோ மாதிரி நான் எடுத்துக் கொடுக்க வேண்டும். அவர்கள் அதைத் தங்கள் பக்கத்தில் விளம்பரமாகப் போட்டுக்கொள்வார்கள்.

"அப்ப பொய்யா?" என்றார் அத்தா.

"இல்லத்தா. நெசமாவே யூஸ் பண்ணித்தான் ஆகணும்" என்றேன். அப்படிச் சொல்ல எனக்குப் பெருமையாகக்கூட இருந்தது.

அத்தா இரண்டு நிபந்தனை போட்டார். ஹரி ராயா பெருநாளுக்குள் உருப்படியாக ஒரு வேலையாவது வர வேண்டும். வராவிட்டால் அவருடைய நண்பர் யூசுப் மாமாவின் கப்பல் சரக்கு ஆபீசில் சேர்ந்துவிட வேண்டும். இரண்டாவது, குடும்பப் பேர் கெடுகிற மாதிரி ஒன்று நடந்தால் அன்றைக்கே நிறுத்திவிட வேண்டும். அஹமது கபீரின் மகள் என்றால் சும்மாவா? லிட்டில் இந்தியாவில் அவர் போகும் பள்ளிவாசலில் ரமலான் மாதம் முழுக்க நோன்புக் கஞ்சி ஊற்றும் குழுவுக்கு அவர்தான் தலைவர். சரி என்று வாக்குக் கொடுத்தேன். இருபத்தேழு வயதில் அத்தாவிடம் வாக்குக் கொடுக்கும் பெண்ணைப் பார்த்துச் சிரிப்பவர்கள் சிரிக்கட்டும். அந்த ஆபீசில் நான் ஒரு மாதம் வேலை செய்திருக்கிறேன். அங்கே சுவர்க் கடிகாரம்கூடக் கொட்டாவி விடும்.

மார்சிலிங்கில் ஏழாவது மாடியில் இருக்கும் எங்கள் வீட்டு ஜன்னலோரம் கைபேசி முக்காலியை நட்டு, அம்மாவின் மிளகாய்த்தூள், தலைவலித் தைலம், சாம்பிராணி என்று கையில் கிடைத்ததை வைத்து மாதிரி வீடியோ பன்னிரண்டு எடுத்தேன். ஐம்பத்திரண்டு கம்பெனிகளுக்கு அனுப்பினேன். ஒவ்வொரு முறை கைபேசி அதிரும்போதும் ஓடிப் போவேன். எடுத்துப் பார்த்தால் சொந்தக்காரர்களின் வெள்ளிக்கிழமை வாழ்த்தாக இருக்கும். ரமலான் பிறந்து எட்டாம் நாள் பதில் வந்தது. நன்னாரி சர்பத் விற்கும் ஒரு புதுக் கம்பெனி. அதன் மார்க்கெட்டிங் பொறுப்பில் இருந்த ரக்ஷனா குரல் செய்தி அனுப்பியிருந்தாள்.

"ஹாய் சிஸ்! லிட்டில் இந்தியா ஸ்ட்ரீட்ல, வெயில்ல நடந்து டயர்ட் ஆகி, பாட்டிலத் திறந்து குடிக்கணும். நேச்சுரல் லைட் மட்டும்தான் லா. வியாழக்கிழமைக்குள்ள வேணும். ஏப்ரல் கேம்பெய்னுக்கு."

அப்போதே சொல்லியிருக்க வேண்டும், நான் நோன்பு, பெருநாள் கழித்துத் தருகிறேன் என்று. வாய் வரவில்லை. முதல் வாய்ப்பு. நான் யோசித்தால் அடுத்தவளுக்குப் போய்விடும். 'ஓகே, நோ ப்ராப்ளம்' என்று எழுதி, இரண்டு இதயமும் சேர்த்து அனுப்பினேன். பிறகுதான் உட்கார்ந்து யோசித்தேன். வெளிச்சம் இருக்கும் நேரம் முழுக்க நோன்பு. நோன்பு இல்லாத நேரம் முழுக்க இருட்டு. எப்படி எடுப்பதாம்?

திங்கட்கிழமை ஏமாற்றிப் பார்த்தேன். உதட்டை இறுக மூடிக்கொண்டு பாட்டிலை மட்டும் சாய்த்தேன். ஐந்தே நிமிடத்தில் ரக்ஷனா திருப்பி அனுப்பினாள். "சிஸ், தொண்டை அசையவே இல்லையே. ரியல் மடக்கு வேணும்." இந்தப் பெண்ணுக்குக் கண்ணா, பூதக்கண்ணாடியா?

செவ்வாய் முழுக்கப் பைத்தியம் பிடித்த மாதிரி இருந்தது. புதன்கிழமை காலையில் எனக்கு மாதவிடாய் வந்தது. அல்ஹம்துலில்லாஹ் என்று சொல்லிவிட்டேன். கழிவறைக்குள் இறைவன் பெயரைச் சொல்லக் கூடாது என்பது சொல்லி முடித்த பிறகுதான் நினைவுக்கு வந்தது.

அந்த நாட்களில் எங்களுக்குத் தொழுகை கிடையாது, நோன்பும் கிடையாது. வைக்கவே கூடாது, விட்டதைப் பிறகு வைத்துக்கொள்ள வேண்டும். மார்க்கம் அவ்வளவு தெளிவாகச் சொல்லியிருக்கிறது. ஆனால் எங்கள் வீட்டில் அது யாருக்கும் நடப்பதே இல்லை. விடியுமுன் சஹர் சாப்பாட்டுக்கு எல்லாரோடும் எழுந்து உட்கார வேண்டும். பகலில் அத்தா வெளியே போன பிறகு, அம்மா வாசலைப் பார்த்துக்கொள்ள, அடுப்படியில் நின்றபடி நாலு வாய் அள்ளிப் போட்டுக்கொள்ள வேண்டும். சாயங்காலம் பாங்கு சொன்னதும் பேரீச்சம்பழத்தை எடுத்து, நாள் முழுக்கப் பட்டினி கிடந்தவள் போல ஒரு பெருமூச்சும் விட வேண்டும். பதின்மூன்று வயதிலிருந்து இந்த நடிப்புத்தான். யூஜிசிக்கு எனக்கு முன்னனுபவம் இல்லை என்று யார் சொன்னது?

அன்று பிற்பகல் லிட்டில் இந்தியாவுக்குப் போனேன். அத்தாவின் பள்ளிவாசலிலிருந்து நாலு தெரு தள்ளி, டிக்சன் ரோட்டுப் பக்கம், பச்சையும் மஞ்சளுமாகப் பெயின்ட் அடித்த ஒரு கடைவீட்டுச் சுவர். முக்காடு போட்ட பெண் நோன்பு மாதப் பட்டப்பகலில் நடுத்தெருவில் சர்பத் குடிப்பதா என்று மனம் அடித்துக்கொண்டே இருந்தது. ஒவ்வொரு டேக்குக்கும் முன்னால் இரண்டு பக்கமும் பார்த்தேன். வெள்ளைத் தொப்பி கண்ணில் பட்டால் பாட்டிலைப் பைக்குள் போட்டேன். ஆறாவது டேக்கில் தெரு காலியாக இருந்தது. கண்ணை மூடிக்கொண்டு குடித்தேன். நிஜமாகவே தாகம். தொண்டை அசைந்தது, அதுபாட்டுக்கு ஒரு சிரிப்பும் வந்தது. ரக்ஷனாவுக்கு ஒரே பூரிப்பு. "பெர்ஃபெக்ட் சிஸ்! பின்னாடி ஒரு அங்கிள் நடந்து போறாரு, செம லோக்கல் ஃபீல்!"

அங்கிளா? அவசரமாகத் திறந்து பார்த்தேன். கண்ணை மூடிய அந்த நான்கு விநாடியில் யாரோ ஒருவர் என் முதுகுக்குப் பின்னால் போயிருக்கிறார். முகம் தெரியவில்லை. ஏப்ரலில் வரப்போகும் வீடியோதானே, யார் கவனிப்பார்கள் என்று விட்டுவிட்டேன்.

ஏப்ரல் என்பது அவள் வாயால் சொன்னது மட்டும்தான். நான் கையெழுத்துப் போட்ட தாளில் 'எப்போது வேண்டுமானாலும்' என்று இருந்தது. அதை நான் படிக்கவில்லை. என் பெயரைப் போடும் இடத்தை மட்டும் பார்த்தேன்.

வெள்ளிக்கிழமை மதியம், நாற்பத்தாறு பேர் இருக்கும் எங்கள் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் அத்தாவின் அக்கா ஆமினா பீவி மாமி ஒரு வீடியோவைப் போட்டார். அதில் நான் நன்னாரி குடித்துக்கொண்டிருந்தேன். கீழே அவர் எழுதியிருந்தார்: 'இது நம்ம கபீர் மகதானே? பின்னால போறவர் கையில நோன்புக் கஞ்சி. அப்ப நோன்பு நேரம். யா அல்லாஹ்.'

பார்த்தேன். இரண்டு கைகளிலும் பிளாஸ்டிக் பை, பைக்குள் கஞ்சி டப்பா, மேலே ஆவி படிந்து வெளுத்த மூடி. அதைப் பார்த்து நாள், நேரம் சொல்ல எங்கள் ஆட்களால் மட்டும்தான் முடியும். வருடத்தில் ஒரு மாதம், அதுவும் மாலை அசர் தொழுகையை ஒட்டித்தான் அந்த டப்பா தெருவில் நடக்கும். நான்கு விநாடியில் மாமி அதைப் பிடித்துவிட்டார். எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை.

ரக்ஷனாவைக் கூப்பிட்டேன். "ஏப்ரல்னு சொன்னீங்களே?"

"பாஸுக்கு ரொம்பப் பிடிச்சிருச்சு சிஸ், முன்னாடியே போட்டுட்டாரு. இப்ப எடுக்க முடியாது லா. ஆனா குட் நியூஸ், எங்க மத்த ப்ராடக்ட்டுக்கும் நீங்கதான்!"

ஒரு மாதமாக நான் ஏங்கிய வார்த்தை. அது காதில் விழுந்தபோது அடுப்படித் தரையில் உட்கார்ந்திருந்தேன். அம்மா சோற்றைப் போட்டு வைத்துவிட்டு, வாசலுக்கும் எனக்குமாக நடந்துகொண்டிருந்தார். ஒரு பருக்கை இறங்கவில்லை.

அத்தா ஐந்து மணிக்கே வந்துவிட்டார். ரமலானில் மஃரிபு தொழுகை முடியாமல் அவர் வீடு திரும்பி நான் பார்த்ததில்லை. அம்மா தட்டை மூடி ஒளித்தார். அத்தா நாற்காலியில் உட்கார்ந்தார். உதடு வெடித்திருந்தது. கோபமாக இருப்பார் என்று பயந்துகொண்டே போய் நின்றேன். அவர் சிரிக்கப் பார்த்தார். அது இன்னும் மோசமாக இருந்தது.

"பள்ளிவாசல்ல மூணு பேரு கொண்டுவந்து காட்டுனாங்க. நான் சொல்லிட்டேன், அது நடிப்புன்னு. சினிமாவுல சாவுறவன் நெசமாவா சாவுறான்? எம்மக ஒரு சொட்டு குடிச்சிருக்க மாட்டா, அல்லா மேல ஆணைன்னு சொல்லிட்டு வந்தேன். நீயும் குரூப்புல ஒரு வார்த்தை போட்டுடு. முடிஞ்சிரும்."

"ஆமா, அதையே போடு" என்றார் அம்மா வேகமாக.

முடிந்துவிடும்தான். மாமி அடங்குவார். வேலையும் நிலைக்கும், வாக்கும் நிலைக்கும். கைபேசியை எடுத்து 'அது நடிப்பு' என்று தட்டக்கூடச் செய்தேன். அனுப்ப விரல் போகவில்லை. நோன்பு வாயோடு இந்த மனிதர் ஊர் முன்னால் நின்று எனக்காக ஆணையிட்டுவிட்டு வந்திருக்கிறார். அது பொய் என்று அவருக்குத் தெரியாது. எனக்குத் தெரியும்.

"அத்தா, நடிப்பு இல்ல. நான் நெசமாவே குடிச்சேன்."

அவர் முகத்திலிருந்து அந்தச் சிரிப்பு போனது.

"அமீரா!" என்றார் அம்மா.

"எனக்குப் புதன்கிழமையிலேர்ந்து தொழுகை இல்லத்தா."

அத்தா தரையைப் பார்த்தார். அம்மா முந்தானையால் வாயை மூடிக்கொண்டு சுவர்ப்பக்கம் திரும்பிவிட்டார். 'நிறுத்திடு' என்ற ஒரு சொல்லுக்காக நான் காத்திருந்தேன்.

"குரூப்புல என்ன போட?" என்று நானே கேட்டேன்.

தலை நிமிராமலே சொன்னார். "நான் தெரியாம ஆணையிட்டுட்டேன். நீ தெரிஞ்சே பொய் சொல்லாதே. உள்ளதப் போடு."

போட்டேன். 'அது நடிப்பு இல்லை. உண்மையாகவே குடித்தேன். அன்று எனக்கு மாதவிடாய், நோன்பு கடமை இல்லை.' நாற்பத்தாறு பேரில் பத்தொன்பது பேர் ஆண்கள். அனுப்பிவிட்டுக் கைபேசியை மேசையில் கவிழ்த்தேன்.

அது ஒரு முறை அதிர்ந்தது. குழுவில் இல்லை, எனக்குத் தனியாக. ஆமினா மாமியின் மகள் யும்னா, என்னைவிட இளையவள், ராஃபிள்ஸ் பிளேஸில் வங்கி வேலை. 'லாத்தா, நானும் இன்னிக்கு நோன்பு இல்ல. ஆபீஸ் டாய்லெட்ல உக்காந்து ரொட்டி தின்னுட்டிருக்கேன். இங்க நம்மாளுங்க நாலு பேரு, யாராச்சும் பாத்துட்டா அம்மா காதுக்குப் போயிரும்னு.' எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. ஒரு பெண் ரொட்டி தின்கிற இடமா அது?

குழுவைத் திறந்தேன். யாரும் பதில் போடவில்லை. மாமியின் வீடியோ இருந்த இடத்தில் 'இந்தச் செய்தி நீக்கப்பட்டது' என்று மட்டும் இருந்தது.

"இன்னைக்கும் இல்லையா?" என்றார் அத்தா. இன்னமும் தரையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

"இல்லத்தா."

"சாப்பிட்டியா?"

ரமலான் பகலில் அவர் என்னிடம் அதைக் கேட்பது இதுதான் முதல் தடவை. இல்லை என்று தலையை ஆட்டினேன். அவர் அம்மாவைப் பார்த்தார். அம்மா ஒரு விநாடி தயங்கிவிட்டு, ஒளித்த தட்டைக் கொண்டுவந்து மேசையில், அவர் கண்ணெதிரிலேயே வைத்தார். நோன்பு திறக்க இன்னும் இரண்டு மணி நேரத்துக்கு மேல் இருந்தது. அவர் எழுந்து போகவில்லை. நான் ஆறிய சோற்றைப் பிசைந்து சாப்பிட ஆரம்பித்தேன். கூச்சமாக இருந்தது, பசியும் இருந்தது.

"அந்தக் கம்பெனியில வேற என்ன பொருள் இருக்கு?" என்றார் திடீரென்று.

"ஊறுகாய்."

"அதையும் நெசமாத்தான் திங்கணுமா?"

"ஆமாத்தா."

"அப்ப பெருநாளைக்கு அப்புறம் அனுப்பச் சொல்லு" என்றார் அத்தா.