வியாழக்கிழமைப் பொட்டலம்

...அதெப்படி மதியத்துக்குள் சொல்ல முடியும், தன் மருந்துக்கடைக் கண்ணாடி வழியாக வரிசையைப் பார்த்தபடி எலிதா நினைத்தாள், கஞ்சா விற்பதை நிறுத்திக்கொள்கிறேன் என்று எழுதிக் கொடுக்க வேண்டுமாம், இல்லையென்றால் கடையின் பேங்க் கணக்கையே மூடிவிடுவார்களாம், கணக்கு போனால் இன்சுலின் யார் அனுப்புவார்கள், உதவிக்கு நிற்கிற மாபெலுக்குச் சம்பளம்... காலையில் பேங்க் மேலாளர் ஒலிவேரா மாத்தே டீயை உறிஞ்சிக்கொண்டே சொன்னார், "எங்க கையில என்ன இருக்கு எலிதாம்மா? நம்ம சட்டப்படி நீங்க பண்றது சரிதான். ஆனா டாலரெல்லாம் அமெரிக்க பேங்க் வழியாத்தானே வருது, அவங்க கணக்குல இது இன்னும் போதைக் கடத்தல்தான்." உருகுவே நாடாளுமன்றமே போட்ட சட்டம், அரசாங்கமே வளர்த்துக் கட்டித் தந்த பொட்டலம், அதை எங்கேயோ உட்கார்ந்திருக்கிற ஒருவன் கூடாது என்றால் அப்புறம் என்ன நாடு, என்ன சட்டம்... எரிச்சலாக வந்தது, எரிச்சல்பட்டு என்ன ஆகப்போகிறது.

வரிசை நகர்ந்தது, தூணுக்குப் பக்கத்தில் ரமிரோ, மெலிந்திருக்கிறானா, வேளைக்குச் சாப்பிடுகிறானா, பெற்ற பிள்ளையைத் திருட்டுத்தனமாகப் பார்க்கிற பிழைப்பு... கொல்லையில் கஞ்சாச் செடி வைத்தான் என்று சொந்தக்காரர்கள் முன்னால் "வெளிய போடா" என்று கத்தியவள் அவள்தான், சட்டம் வந்ததும் அதையே விற்க உரிமம் வாங்கியவளும் அவள்தான், ஊர் சிரிக்காதா? அவன் முதல்முறை வந்து நின்ற வியாழக்கிழமை இயந்திரத்தை அவன் பக்கம் தள்ளி வைத்தாள், வாங்குகிறவர் பேரைக் கேட்கக் கூடாது, அந்தக் கைரேகை இயந்திரத்துக்கு விரல் மட்டும்தான் தெரியும், அது சரியென்றால் பொட்டலம், அதனால் வாராவாரம் பெற்ற மகனிடம் "விரலை வைங்க" என்கிறாள், வைக்கிறான், போய்விடுகிறான், அவ்வளவுதான் உறவு. இதுவும் நின்றுபோனால் அவனை எங்கே பார்ப்பது, எந்தத் தெருவில் இருக்கிறான் என்றுகூடத் தெரியாதே, தெருவில் ஒளித்து விற்கிற ரௌடிகளிடம் போய் வாங்குவானோ, அவர்கள் கஞ்சா மட்டுமா விற்கிறார்கள்...

"விரலை வைங்க." வைத்தான், நகக்கண்ணில் பெயிண்ட், வேலை கிடைத்திருக்கிறது போல, நல்லது, பொட்டலத்தை நீட்டினாள், வேறு யாரோ ஒருவரிடம் சொல்வது போலவே சொல்லவும் செய்தாள், "அடுத்த வாரத்துலேர்ந்து இங்க கிடைக்காதுங்க. பேங்க்ல ஒத்துக்க மாட்டேங்கிறாங்க." அவன் பொட்டலத்தைப் பையில் போட்டான். "பரவால்ல. துறைமுகத்துக்கிட்ட ஃபெரெய்ரா கடையிலயும் இருக்கு. அவர் பேங்க்கே வேணாம்னு ரொக்கத்துல ஓட்டறார், ஆரம்பத்துலேர்ந்து. எங்க வீட்டுக்கு எதிர்லதான்."

போய்விட்டான். அப்பாடா, ரௌடிகளிடம் போக மாட்டான், அந்த மட்டுக்கும் நிம்மதி என்று இயந்திரத்தைத் துடைக்கப் போனவள் துடைக்காமல் நின்றாள், எதிரிலேயா, வீட்டுக்கு எதிரிலேயே, ஆரம்பத்திலிருந்தே ஒரு கடை இருக்கும்போது ஊரின் அந்தக் கோடியிலிருந்து இந்தக் கோடிக்கு எதற்கு வந்தான், மழையிலும் வெயிலிலும் வந்து இந்த நீள வரிசையில் எதற்கு நின்றான்... "அக்கா, என்ன சிலையா நிக்கிறீங்க, ஆள் காத்துக்கிட்டு இருக்காரு," என்றாள் மாபெல், எலிதா வாசலைப் பார்த்தாள், தெருவில் அவன் இல்லை, கூப்பிட்டிருந்தால் திரும்பியிருப்பானோ, என்ன பேர் சொல்லிக் கூப்பிடுவது, இத்தனை வாரமாக "வாங்க, போங்க" என்றல்லவா பேசியிருக்கிறாள்.